காற்றுக்கு ஒரு மூடி

அந்த மூடியை அவள் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். சிவப்பு பிளாஸ்டிக் மூடி, உள்ளே மரை தேய்ந்தது, விளிம்பில் ஓர் ஓரம் உடைந்தது. கூடப் படித்த பெண்களெல்லாம் பென்சில் பெட்டியில் ஸ்டிக்கரும் கிளிப்பும் வைத்திருந்தபோது, இவள் பெட்டியில் பூச்சிமருந்து பாட்டில் மூடி. தொட்டால் கை கழுவ வேண்டும் என்று அம்மா மிரட்டியதால் இரண்டு பாலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். என்ன அது என்று கேட்டவர்களிடம், "ஒருத்தருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது" என்பாள். பொய்யில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் வைத்திருந்தாள், எல்லோரும் பார்க்க, மூஞ்சிக்கு நேராக.

முதலிலிருந்து சொன்னால்தான் அவளுக்கு ஏறின கோபம் உங்களுக்கும் ஏறும். அவள் அப்பா மருந்தடிக்கிறவர். மருந்து என்றால் ஆளுக்கு அல்ல, பயிருக்கு. பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, இடது கையால் பம்பு அடித்து, வலது கையால் குழலைப் பிடித்து, பாத்தி பாத்தியாகப் பின்பக்கமாகவே நடப்பார். முன்பக்கம் நடந்தால் தான் அடித்த மருந்துக்குள் தானே போய் நுழைய வேண்டியிருக்கும். நடந்து நடந்து இந்த மனுஷனுக்கு முதுகிலும் கண் முளைத்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். எழுத்து மட்டும் தெரியாது. பாட்டிலில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. உரக்கடையில் "டேங்குக்கு ஒரு மூடி" என்று சொல்லிக் கொடுத்தால் அதுதான் அவருக்குக் கணக்கு.

உரக்கடை என்று பெயர்தான். உரம் பின்னால் குடோனில் கிடக்கும். முன்னால் அலமாரி முழுக்கப் பூச்சிமருந்து. கடைக்காரர் பெரிய கேனில் மொத்தமாக வாங்கி, பழைய பாட்டில்களில் ஊற்றி விற்பார். மூடி தொலைந்த பாட்டில்களுக்காகக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். அதில் கலர் கலராக மூடிகள். கையை விட்டுத் துழாவி, எது பொருந்துகிறதோ அதைத் திருகிக் கொடுத்துவிடுவார். இந்த டின்னை மறந்துவிடாதீர்கள்.

அவளுக்குப் பதினோரு வயது. ஊரிலேயே பெரிய தக்காளித் தோட்டம் ஒன்றில் அப்பா ஆறு ஏக்கருக்கு மருந்தடித்தார். மூன்றாம் நாள் இலையெல்லாம் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி கருகிச் சுருண்டுவிட்டது. தோட்டத்துச் சொந்தக்காரர், தக்காளிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், நேராக உரக்கடைக்கு வந்து கத்தினார். அப்பாவை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தவள், கூட்டத்துக்கு நடுவே அப்பா நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்:

"நான் என்ன பண்றது? ஒரு மூடின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். ரெண்டு மூடி ஊத்தியிருக்கான். எழுத்து வாசனை இல்லாதவன் கையில மருந்தைக் கொடுத்தா இந்தக் கதிதான். இனிமே கண்ணு தெரியாதவனையும் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, மருந்து பட்டு மஞ்சளாகிப்போன நகத்தை நகத்தாலேயே கீறிக்கொண்டு நின்றார். அந்த நகத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றோடு அப்பாவுக்கு 'ரெண்டு மூடி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. "ரெண்டு மூடி போறான் பாரு." "ரெண்டு மூடி வீடு எதுன்னு கேளு, காட்டுவாங்க." வகுப்பில் ஒரு வாத்தியாரே அவளை "ரெண்டு மூடி பொண்ணு, எழுந்திரு" என்றார். மருந்தடிக்க ஒருத்தரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் காய்கறிச் சந்தையில் பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவும் வேலைக்குப் போனார். அம்மா நாற்றுப் பண்ணையில் குழித்தட்டுகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தவள், ஒரு நாளைக்கு நூறு தட்டு அதிகமாக நிரப்பத் தொடங்கினாள்.

அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து அந்த மூடி விழுந்தது. அம்மா அதைத் தூக்கி எறியப் போனாள். இவள் பிடுங்கிக்கொண்டாள்.

"எதுக்குடி இந்த விஷம்?"

"அம்மா, அப்பா ரெண்டு மூடி ஊத்தினாரா?"

"உங்க அப்பா ஒண்ணுக்கு ரெண்டு செய்யற ஆளா?" என்றாள் அம்மா. "ஒரு டம்ளர் தண்ணிகூட அதிகமாக் கேக்க மாட்டார்."

அது போதும். அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் அல்லவா? அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டாள். அந்தக் கடை வாசலில், அதே ஆட்கள் நடுவில், அந்த ஆள் வாயாலேயே 'தப்பு என்னோடது' என்று சொல்ல வைக்கிறேனா இல்லையா பார்.

பதினோரு வயதுப் பிள்ளையின் வீம்பு எத்தனை நாள் இருக்கும் என்று நினைப்பீர்கள். இவளுக்கு வருஷத்துக்கு வருஷம் ஏறியது. சந்தைக்குப் பின்னால் கிடக்கும் காலி பாட்டில்களைக் குச்சியால் புரட்டி, பொடி எழுத்தை எல்லாம் படித்தாள். புரியாத வார்த்தையை நோட்டில் எழுதி வைத்தாள். அவள் முதன்முதலில் முழுசாகப் படித்து முடித்தது கதைப் புத்தகம் இல்லை, ஒரு மருந்து பாட்டிலோடு வரும் மடிப்புத் தாள். இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று அதில் அளவு போட்டிருந்தது. மூடி என்ற பேச்சே எங்கும் இல்லை.

பன்னிரண்டாவது முடித்து, வேளாண் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிவத்தில் 'பெற்றோர் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். ஒரு கோடு போட்டாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க், "கோடெல்லாம் போடக் கூடாதும்மா. இல்லைன்னா இல்லைன்னு எழுது" என்றார். எழுதினாள். பேனாவை அழுத்தின அழுத்தில் அடியில் இருந்த தாள் கிழிந்துவிட்டது.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிலைத்த வேளாண்மையில் உனக்கு ஏன் ஆர்வம் என்று கேட்டார்கள். மண்ணைக் காக்க வேண்டும், நீரைக் காக்க வேண்டும், வரும் தலைமுறைக்கு நல்ல நிலத்தை விட்டுப் போக வேண்டும் என்று மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மூவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மண்ணாவது, நீராவது. அவளுக்கு ஒரே ஒரு கடை ஷட்டர் கீழே இறங்க வேண்டும். அதை அந்த மேஜையில் சொல்ல முடியுமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படிக்கப் படிக்க ஒரு விஷயம் அவளுக்கு விளங்கியது. கடைக்காரருக்கு எங்கே அடித்தால் வலிக்குமோ, அங்கே அடித்தால்தான் மண்ணுக்கும் உயிர் வரும். அடிக்கிற மருந்தில் பாதிக்கு மேல் இலையில் உட்காருவதே இல்லை, காற்றோடும் தண்ணீரோடும் போகிறது என்று பாடத்தில் வந்தபோது அவள் குஷியாகிவிட்டாள். பாதியைக் குறைத்தால் பயிருக்கு ஒன்றும் ஆகாது, கடைக்கு ஆகும். அதற்குப் பிறகு அவளை யாரும் படி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்புழு எண்ணச் சொன்னால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், இவள் கையை விட்டு எண்ணுவாள். மண்மேல் இவளுக்கு என்ன அன்பு என்று பேராசிரியை மெச்சிக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் ஒரு மதிய இடைவேளை. ஆய்வகத்தில் யாருமில்லை. பென்சில் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, கையுறை போட்டு, முடிச்சவிழ்த்தாள். சிவப்பு மூடியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குடுவையில் கவிழ்த்தாள். ஐம்பது மில்லி. மறுபடி ஊற்றினாள். ஐம்பது. மூன்றாவது தடவையும் ஐம்பது. அப்பா அன்றைக்கு அடித்த அதே மருந்தின் புது பாட்டில் ஒன்று ஆய்வக அலமாரியில் இருந்தது. அதன் மூடி வெள்ளை. அதில் இருபத்தைந்துதான் பிடித்தது. ஒரு டேங்குக்கு ஊற்ற வேண்டியதும் அதே இருபத்தைந்து.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆக, அப்பா ஒரு மூடிதான் ஊற்றியிருக்கிறார். டின்னில் கையை விட்டுத் துழாவி வேறு ஏதோ பாட்டிலின் பெரிய மூடியைத் திருகிக் கொடுத்தது அந்த ஆள். தான் செய்த தப்பைத் தூக்கி அப்பா தலையில் கட்டிவிட்டு, படிக்காதவன் என்று சிரிக்கவும் வைத்திருக்கிறான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உடனே பஸ் ஏறிப் போய்க் கடையைத் துவம்சம் பண்ண வேண்டும் போல இருந்தது. போகவில்லை. தனியாகப் போய்க் கத்தினால், ரெண்டு மூடி பொண்ணுக்குப் பைத்தியம் என்று முடித்துவிடுவார்கள். அதே ஆட்கள் வேண்டும், அதே வாசல் வேண்டும். பொறுத்தாள்.

மூன்றாம் வருஷம் அவளுடைய புராஜெக்ட்டுக்கு மருந்தடிக்கிறவர்கள் நாற்பது பேரைப் பார்த்துப் பேட்டி எடுத்தாள். ஒரு தாளில் பத்துக் கேள்வி அச்சடித்திருந்தாள். எத்தனை வருஷமாக அடிக்கிறீர்கள், டேங்குக்கு எத்தனை மூடி, ஏன், உடம்புக்கு என்ன செய்தது என்று போகும். கடைசிக் கேள்வி, 'இதையெல்லாம் இதற்கு முன் உங்களிடம் யாராவது கேட்டதுண்டா?' அது அவளே சேர்த்தது.

நாற்பது பேரும் இரண்டு மூடி என்றார்கள். "பயிருக்கு ஒரு மூடி, காத்துக்கு ஒரு மூடி. பாதி காத்துல போயிடுதே, அதுக்கும் சேர்த்து ஊத்த வேண்டாமா?" என்று அவளுக்கே பாடம் எடுத்தார்கள். கடைக்காரர்களும் வேண்டாம் என்று சொன்னதில்லையாம். ஏன் சொல்லப் போகிறார்கள்? கடைசிக் கேள்விக்கும் நாற்பது பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், இல்லை.

அந்த நாற்பதில் ஒருவர் அப்பாவோடு பல வருஷம் டேங்க் சுமந்தவர். பேட்டி முடிந்து டீ குடிக்கும்போது, "எங்ககிட்டல்லாம் கேக்கறியே, உங்க அப்பாகிட்ட கேட்டா இன்னும் விவரமாச் சொல்வாரே பாப்பா" என்றார்.

"எங்க அப்பா காத்துக்கெல்லாம் ஊத்தற ஆளில்லை, சித்தப்பா" என்றாள் வெடுக்கென்று.

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா" என்று டீயைக் குடித்தார்.

இந்த இரண்டாவது மூடியை ஒழிக்க அவள் ஒரு டேங்க் மூடி செய்தாள். மருந்து பாட்டிலை அதன் தலையில் கவிழ்த்து ஒரு தடவை திருப்பினால் சரியாக இருபத்தைந்து மில்லி உள்ளே விழும். இன்னொரு தடவை திருப்பப் பார்த்தால் திரும்பாது. உள்ளே ஒரு மிதவை. டேங்கைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பினால்தான் பூட்டு விடும். காற்றில் பறக்காமல் கொஞ்சம் கனமான துளியாக விழ, குழல் முனைக்கு ஒரு நாசிலும் செய்தாள். விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் ஒரு தடவை திருப்பினார். கை தானாகவே இரண்டாம் தடவையும் திருப்பப் போயிற்று. நின்றது. அந்த மூடியைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். பெருமையில் அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி வருஷம் சோதனை செய்ய ஒரு வயல் வேண்டும். யாரிடம் போய் நின்றாள் தெரியுமா? அதே தக்காளிக்காரரிடம். இப்போது அவர் விவசாயிகள் சங்கத் தலைவர். "உங்க அப்பன் எரிச்சது போதாதா?" என்று முதலில் துரத்தினார். இரண்டாம் முறையும் துரத்தினார். மூன்றாம் முறை, இவள் தொல்லை தாங்காமல், அரை ஏக்கர் கொடுத்தார். அந்தப் பருவம் முழுக்க அந்த அரை ஏக்கருக்கு வழக்கத்தில் பாதி மருந்துகூடப் போகவில்லை. காய் குறையவில்லை. அவர் தினமும் காலையில் வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், போவார். அறுவடை முடிந்ததும், "சனிக்கிழமை சங்கக் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டு" என்றார்.

சங்கக் கூட்டம் எங்கே நடக்கும்? உரக்கடை வாசலில். அங்கேதான் நிழல் இருக்கிறது, கடைக்காரர் நாற்காலி போட்டு டீயும் கொடுப்பார். செய்தி கேட்டதும் கடைக்காரர் அவளுக்குப் போன் போட்டார்.

"நம்ம ஊர்ப் பொண்ணு, நமக்கு எவ்வளவு பெருமை பாரு. அந்த டேங்க் மூடியை விக்கறதுக்கு நம்ம கடைக்கே ஏஜென்சி குடுத்துடும்மா. நான் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ."

"வரேன் சார். சனிக்கிழமை பேசிக்கலாம்" என்றாள். போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். தானாக வந்து மாட்டுகிறானே.

சனிக்கிழமை காலை பத்து மணி. நாற்காலிகளில் இருபது பேர். அதில் ஏழெட்டு முகம் அன்றைக்குச் சிரித்த முகம். ஒவ்வொன்றாக எண்ணிவிட்டாள். அம்மா வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து பின்னால் சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த பிஸ்கட் டின், பத்து வருஷத் துருவோடு அப்படியே இருந்தது. இவள் டேங்க் மூடியைக் காட்டினாள், நாசிலைக் காட்டினாள், மேஜையில் ஒரு அளவுக் குடுவையை வைத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைக்காரர் எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டினார்.

அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, பையிலிருந்து சிவப்பு மூடியை எடுத்தாள்.

"இது பத்து வருஷத்துக்கு முந்தி இந்தக் கடையிலேருந்து எங்க அப்பா வாங்கிட்டுப் போன பாட்டிலோட மூடி. ஆறு ஏக்கர் தக்காளி கருகிச்சே, அந்த பாட்டில். சார், நீங்களே தண்ணி ஊத்தி அளந்து காட்டுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். தண்ணீர் குடுவையில் ஏறியது. சிரிப்பு இறங்கியது.

"எவ்வளவு சார்?"

"ஐம்பது" என்றார் முணுமுணுத்து.

"டேங்குக்கு வேண்டியது இருபத்தஞ்சு. நீங்க குடுத்த மூடியிலயே டபுள்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் போலக் கேட்டது. "அப்ப எரிச்சது யாரு?"

 தக்காளிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வருஷம் காத்திருந்த நிமிஷம் இதுதான். ஆனால் கடைக்காரர் சும்மா அந்த நாற்காலியில் இருபது வருஷம் உட்காரவில்லை. சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"சரிம்மா. மூடி பெரிசாவே இருந்துட்டுப் போகட்டும். நான் சொன்னது ஒரு மூடி. உங்க அப்பன் எத்தனை ஊத்தினான்? அதோ நிக்கறான் பாரு, கேளு."

கேட்டுவிட்டாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் குதூகலம். தன் வாயாலேயே குழி வெட்டிக்கொண்டான் என்று நினைத்தாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி, சத்தமாக, "அப்பா, சொல்லுங்க" என்றாள்.

அப்பா சுவரை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"ரெண்டு" என்றார்.

கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஒன்றிரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பத்து வருஷம், நாற்பது பேட்டி, கிழிந்த தாள், எல்லாம் காலுக்குக் கீழே சரிந்தது. அப்பா அவளைப் பார்க்கவில்லை. தக்காளிக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு நான் வாய் திறக்கலை. பயம். இன்னைக்குச் சொல்லிடறேன். பயிருக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு, ரெண்டு மூடி ஊத்தினேன். எப்பவும் அப்படித்தான் ஊத்தறது. உங்க தோட்டத்துல என் தப்பு உண்டு. மன்னிச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை இப்போது.  கோபம் இருக்கிறதே, அது அவளுக்கு ரத்தத்தோடு ஊறினது. அழ நேரமில்லை என்று அதுதான் அவளை முதுகில் குத்தி நிமிர்த்தியது. ஐம்பது ஐம்பதாக நூறு. வேண்டியது இருபத்தைந்து. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"நாலு மடங்கு போயிருக்கு" என்றாள். "எங்க அப்பா ஊத்தின ரெண்டாவது மூடியால ரெண்டு மடங்கு. உங்க டின்னு மூடியால இன்னொரு ரெண்டு மடங்கு. அவர் பாதியை அவர் சொல்லிட்டார் சார், இத்தனை பேர் முன்னாடி. உங்க பாதியை நீங்க சொல்லுங்க."

"என்ன பாதி? எந்த மூடி எந்தக் கடைதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தச் சிவப்பு மூடியை நான் பார்த்ததே..."

அவர் முடிக்கவில்லை. தக்காளிக்காரர் எழுந்து போய், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேஜையில் கவிழ்த்தார். மூடிகள் உருண்டன. வெள்ளை, பச்சை, நீலம். நடுவில் நாலு சிவப்பு, அதே அளவு.

"ஒவ்வொண்ணா அள" என்றார் அவளிடம். "எனக்குத் தெரியணும்."

அவள் கையுறையைக் கழற்றவில்லை. ஒரு மூடியை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடுவையில் கவிழ்த்தாள். குடுவையைத் தூக்கிக் கடைக்காரர் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"நீங்க வாசிங்க சார். எங்க வீட்ல யாருக்கும் எழுத்து வாசனை இல்லை. படிச்சவர் நீங்கதானே."

"பதினஞ்சு" என்றார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை சார்."

"பதினஞ்சு."

அடுத்தது முப்பது. அடுத்தது இருபது. அடுத்தது ஐம்பது. ஒவ்வொன்றையும் அவரே வாசித்தார். பாதிக்கு மேல் குரல் கம்மிவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். போதும் என்று ஒருத்தர் சொன்னபோது தக்காளிக்காரர் திரும்பிப் பார்த்தார், சொன்னவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாமாக முப்பத்தேழு மூடி. முப்பத்தேழாவதை வாசித்து முடித்ததும் கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மேஜையைப் பார்த்து, "என் தப்பும் உண்டு" என்றார்.

"யார் தப்பு சார்?"

"என் தப்பு."

அவ்வளவுதான். அவள் சிவப்பு மூடியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "உங்களுது, வச்சுக்கங்க" என்றாள். கடை இழுத்து மூடப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றைக்கும் கல்லாவில் ஒரு அளவுக் குடுவை கயிற்றில் கட்டித் தொங்குகிறது. மருந்து வாங்க வருகிறவர்கள் "முப்பத்தேழு மூடி கடை" என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களே வழி கேட்டபோது அப்படித்தான் கேட்டார்களாம். இதைக் கேட்டு அவள் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள். இரக்கப்பட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு வரவில்லை.

ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் அவள் அப்பாவோடு பேசவில்லை. அம்மா முன்னால் போய்விட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"நீ ஒரு மூடின்னு நம்பித்தானே அவ்வளவு வெறியாப் படிச்சே" என்றார் அப்பா. "அதை எப்படிம்மா கையிலேருந்து பிடுங்கறது?"

"இன்னைக்குப் பிடுங்கிட்டீங்களே."

"இன்னைக்குத்தான் நீ படிச்சு முடிச்சுட்டியே."

அவள் உள்ளே போய் அலமாரியிலிருந்து பேட்டித்தாள் கட்டை எடுத்தாள். நாற்பது நிரப்பினது, மிச்சம் கொஞ்சம் வெறும் தாள். ஒரு வெறும் தாளை எடுத்து, மேலே 41 என்று எண் போட்டு, சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக அடிச்சீங்க? இருபத்திரண்டு. டேங்குக்கு எத்தனை மூடி? ரெண்டு. ஏன்? காத்துக்கு. உடம்புக்கு என்ன செஞ்சுது? அவர் மஞ்சள் நகத்தைக் காட்டினார். சாயங்காலமானால் கண் மங்கும் என்றார். ராத்திரி விரல் மரத்துப்போகும் என்றார். இதெல்லாம் அவளுக்குத் தெரியவே தெரியாது. எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பது கேள்வி முடிந்தது. பத்தாவதை அவளால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. தாளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா." வாசித்தாள். "இதையெல்லாம் இதுக்கு முன்னாடி உங்ககிட்ட யாராவது கேட்டதுண்டா?"

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "எழுதிக்கோ."

எழுதினாள்.